மிச்சம் விழுந்த ஐந்து கற்கள்

பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி பதினொன்றாகியும் வரவில்லை. வராமலே போய்விட்டால் எவ்வளவு நல்லது என்று சோணைமுத்து நினைத்தார். நினைத்த மறுகணமே, வந்து தொலைத்து முடிந்துவிட்டால் அதைவிட நல்லது என்றும் நினைத்தார். மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே, சந்துக்குள் இருக்கும் அலமேலு நிவாஸ் லாட்ஜின் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் மேனேஜர் அவர். செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது. லாட்ஜுக்குள் அவர் செருப்புப் போடுவதில்லை. ஏனென்று யாரோ ஒருநாள் கேட்டபோது, "சோறு போடுற எடம், எனக்குக் கோயில் மாதிரி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். பெரிய முதலாளி சாகும்வரை அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது. பாதம்தான் பார்க்கிறது. கண் என்று முகத்தில் இருப்பது நடுவில் ஒரு காசளவு வட்டம். அந்த வட்டத்துக்குள் எதிரே நிற்பவரின் மூக்கு தெரியும், பதிவேட்டில் ஒரு பெயர் தெரியும், அதுவும் நல்ல வெளிச்சத்தில். வட்டத்தைச் சுற்றி இருப்பது இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லாதது. அதனால் எண்ணிக்கை. மேசையிலிருந்து வாசல் கண்ணாடிக் கதவு பன்னிரண்டு எட்டு. மாடிப்படிக்கு ஒன்பது எட்டு, அப்புறம் பத்தொன்பது படி, திருப்பத்தில் ஒரு படி மட்டும் கொஞ்சம் குட்டை. கீழ்த்தள நடைவழியின் கடைசி அறையான ஏழாம் நம்பருக்கு முப்பத்தொரு எட்டு. முப்பத்தொன்று. அந்த நம்பர் நேற்றிலிருந்து மண்டைக்குள் சிக்கிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, அப்புறம் ஒன்றுமில்லை. எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாமா? பானை வலதுகைப் பக்கம் நாலு எட்டு. வேண்டாம், அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து நின்றால் முகத்தைத் தேட வேண்டியிருக்கும். தேடுகிறவன் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்தே இரு. உட்கார்ந்திருக்கும்வரை சோணைமுத்து எல்லோரையும் போலத்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் கண்ணாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா விளக்கை அணைத்து, அணைத்துப் போட்டு, கடைசியில் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலியை இழுத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர்கள் நாற்காலியை இழுப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற படலம் ஓரத்திலிருந்து சாகிறது, மருந்து இல்லை, மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள், பிரயோஜனப்படும் என்றாள். எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் பரண்மேல் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. மனைவி அழகுமீனாவுக்கு மாலைக்கண் என்பதுவரை தெரியும்; பொன்னாங்கண்ணிக் கீரையாகச் செய்து போட்டுக் கொல்கிறாள். அட்டை வாங்குவதாம். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாட்ஜ் மேனேஜர் வேலை பார்ப்பதாம். வாட்ச்மேன் மாயாண்டிக்குக் காது மந்தம் என்று தெரிந்த அன்றைக்கே சின்ன முதலாளி வரதராஜன் கணக்கை முடித்து அனுப்பினாரே, பார்த்துக்கொண்டுதானே இருந்தார். "காது கேக்காதவருக்கு என்னண்ணே காவல் வேல? அவரத் திருடன் வந்து எழுப்பணும்" என்று சொல்லிச் சிரித்தார் வரதராஜன். சோணைமுத்துவும் கூடச் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? பெரியவர் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை 'அண்ணே' என்கிறார். அந்த டேயில் இருந்த ஈரம் இந்த அண்ணேயில் இல்லை. போன மாசம் கண்ணாடிக் கதவைத் துடைத்துத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று நம்பிப் போய் நெற்றியில் மோதிக்கொண்டதை வரதராஜன் பார்த்துவிட்டார். மறுநாள் காப்பி குடித்துக்கொண்டே, "கண்ண ஒரு டெஸ்ட் பண்ணிருங்கண்ணே. மேனேஜருக்குக் கண்ணுதான மூலதனம்" என்றார். சும்மா சொன்னாரா, சாடையாகச் சொன்னாரா? அன்றையிலிருந்து முதுகில் யாரோ பார்வையை வைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது. பயம்தான், வேறென்ன. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இந்தக் காசளவு வட்டம் சுருங்காமல் இருந்தால் போதும். பேச்சியம்மா தூரத்தில் எங்கோ வாளியை வைத்தாள். டங். இடது சுவரோரம். பெருக்கித் துடைக்கிற பேச்சியம்மா வாளியை எப்போதும் இடது சுவரோரம்தான் வைப்பாள், ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. அவளுக்குத் தெரியுமோ? கேட்டால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளிகள் தங்க வசதி செய்திருக்க வேண்டும் என்று தாள் வந்தபோது வரதராஜன் அதை மேசையில் விட்டெறிந்து, "இருவது வருசத்துல எத்தன நொண்டி மொடம் வந்துச்சு நம்ம லாட்ஜுக்கு?" என்று கேட்டார். வந்தால்தானே இடம் கொடுப்பதற்கு. இடம் கொடுத்தால்தானே வருவதற்கு. இதைச் சோணைமுத்து சொல்லவில்லை. நெஞ்சுக்குள் அந்த இரண்டு பேர் வந்து நின்றார்கள். பதினைந்து வருஷம் இருக்கும். புருஷன் பெண்சாதி, இரண்டு பேருக்குமே கண் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனுக்கு ஏதோ இன்டர்வியூ என்று வந்திருந்தார்கள். அப்போது சோணைமுத்துவின் கண் நல்ல கண். "கூட ஆள் யாரும் இல்லையா? கூட ஆள் இருந்தாத்தான் ரூம் குடுப்போம்" என்றார். அந்த மனுஷன் சிரித்த முகமாக, "நாங்க ரெண்டு பேரு இருக்கோமே சார். அவளுக்கு நான் கூட ஆளு, எனக்கு அவ கூட ஆளு" என்றான். "ரூல்ஸ்" என்றார் சோணைமுத்து. அப்படி ஒரு ரூல்ஸும் கிடையாது. முதலாளி சொன்னதும் இல்லை. விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று அவராகப் போட்ட சட்டம். அவள் தலையில் கதம்பம் வைத்திருந்தாள். வாசல் படியில் இறங்கும்போது, மூன்று, என்று அவன் அவளுக்குச் சொன்னான். ஏறும்போதே எண்ணி வைத்திருக்கிறான். அதற்கு அப்போது சோணைமுத்து உள்ளுக்குள் சிரித்தாரா? சிரித்திருப்பார். சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சரி, அதை விடு. தாள் வந்தது, வேலை நடந்தது. வாசலில் சாய்தளம் கட்டினார்கள். கட்டின அன்றே வரதராஜன் அதில் தன் ஸ்கூட்டரை ஏற்றி உள்ளே விட்டுப் பார்த்து, "இது நல்லா இருக்கே" என்றார். கக்கூஸில் பிடிமானக் கம்பி என்று துண்டு போடுகிற கம்பியை இரண்டு ஸ்குரூ வைத்து முடுக்கினார்கள். சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு ஏழாம் நம்பர் குளியலறைக்குக் கதவு வேண்டும். கட்டடத்திலேயே அகலமான கதவு எது? நடைவழிக் கோடியில், மோட்டார் ரூமுக்கும் துவைக்கிற இடத்துக்கும் கீழே இறங்குகிற ஒன்பது கல்படியை மூடியிருந்த பழைய தேக்குக் கதவு. அதைப் பெயர்த்துக் குளியலறைக்கு மாட்டினார்கள். புதுக் கதவு எதற்கு, வீட்டில் இருக்கிறதை வைத்துப் புழங்க வேண்டாமா? அப்புறம் அறை வாசல்களில் தடவிப் பார்க்கிற நம்பர் தகடு. அப்புறம் அந்த மஞ்சள் கல்.

மஞ்சள் கல் விற்க வந்தவன் இந்த மேசையில்தான் இரண்டு மாதிரியை வைத்து விளக்கினான். நீளக் கோடு போட்ட கல் என்றால் நட என்று அர்த்தம் சார், புள்ளி வைத்த கல் என்றால் நில், முன்னால் படியோ கதவோ திருப்பமோ இருக்கிறது என்று அர்த்தம். வரதராஜன் போனில் இருந்தார். சோணைமுத்து மேசைக்கடியில் இரண்டு கல்லையும் இறக்கி வைத்துப் பாதத்தால் தடவிப் பார்த்தார், யாருக்கும் தெரியாமல். நட. நில். ஒரு கல் இவ்வளவு தெளிவாகப் பேசுமா? மனுஷர்கள் அப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும். கடையில் புள்ளிக் கல் இருப்பில்லை, கோட்டுக் கல் மட்டும்தான் வந்தது. "எல்லாம் மஞ்சதான, போட்டுவிடு" என்றார் வரதராஜன். கொத்தனார் வாசலிலிருந்து மேசை, மேசையிலிருந்து ஏழாம் நம்பர் வாசல் என்று வரிசையாகப் பதித்து முடித்தபோது ஐந்து கல் மிச்சம் விழுந்தது. "மிச்சத்த எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது? நேரா அப்படியே கடேசி வரைக்கும் போட்டு விட்டுரு. நீளமா, பாக்க அழகா இருக்கும்ல" என்று வரதராஜன் சொன்னதைச் சோணைமுத்து தன் காதால் கேட்டார். கேட்டுக்கொண்டு பதிவேட்டில் யார் பெயரையோ எழுதிக்கொண்டிருந்தார். காது கேட்டது, புத்திக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கே போய்ச் சேரவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

நேற்று விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஒரு ஈ காக்கை இல்லாத நேரம், அவர் மேசையிலிருந்து கிளம்பி அந்தக் கல்வரிசை மேல் நடந்தார். வெட்கமாக இருந்தது, திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிற மாதிரி. ஆனால் பாதத்துக்குக் கீழே கோடு கோடாக அது ஓடிக்கொண்டே இருந்தது. நட, நட, நான் இருக்கிறேன், நட. எட்டோ ஒன்பதோ வரை எண்ணினார். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணாமல் நடந்தார். மண்டைக்குள் ஒரு நம்பரும் இல்லாமல் எவ்வளவு காலியாக, எவ்வளவு லேசாக இருந்தது! அந்த லேசில் ஏதேதோ ஞாபகம் வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த நடைவழியில் தவழ விட்டது, பெரியவர் அவளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தது. யாருக்காகவோ போட்ட கல் இல்லை, எனக்காகப் போட்டது என்று நினைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்காவது அந்தக் கண் உதவுகிறதே. நட, நட. ஏழாம் நம்பர் வந்திருக்க வேண்டுமே என்று நினைப்பதற்குள் வலது கால் கீழே போனது. கல் இல்லை, தரை இல்லை, வெறும் காற்று. கை தானாகச் சுவரில் அறைந்து, ஏதோ ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்றார். கீழேயிருந்து சோப்புத் தண்ணீர் வாடையும் குளிர்ச்சியும் முகத்தில் வந்து மோதின. அந்தத் தேக்குக் கதவு இருந்த இடம். கதவு போய்விட்டது, கல் மட்டும் போகச் சொல்கிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. திரும்பி வரும்போது எண்ணினார். விளிம்பிலிருந்து ஏழாம் நம்பர் மூன்று எட்டு. ஏழிலிருந்து மேசை முப்பத்தொன்று.

சொல்லியிருக்கலாம். சொல்வதில் என்ன? முதலாளி, கல்வரிசை குழியில் கொண்டுபோய் விடுது, கடைசி அஞ்சு கல்லையும் பேத்துருவோம். அவ்வளவுதானே. ஆனால் கண்ணுள்ளவன் யாருக்கும் அப்படி ஒரு பேச்சு வாயில் வருமா? கண்ணுள்ளவனுக்கு அங்கே இருப்பது திறந்த படிக்கட்டு, இறங்க வேண்டுமென்றால் இறங்குவான், இல்லாவிட்டால் திரும்புவான். பேச்சியம்மா ஒருநாளைக்குப் பத்துத் தடவை துணிமூட்டையோடு இறங்கி ஏறுகிறாள். தச்சன் பார்த்தான், கொத்தனார் பார்த்தார், வரதராஜன் பார்த்தார், ஒருவருக்கும் தோன்றவில்லை. குருடனுக்கு மட்டும் தோன்றுகிற குறை அது. அதைச் சொல்கிறவன் தன் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கிறவன். "ஒங்களுக்கு எப்படிண்ணே தோணுச்சு இது?" என்று கேட்பார் வரதராஜன், காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல். அதற்கு என்ன பதில்? டிவியில் பார்த்தேன் என்று சொல்லலாம். பேப்பரில் படித்தேன். பேப்பர் படிக்கிறீங்களா, இந்தா இந்த வரியப் படிங்க. அப்படியெல்லாம் கேட்பாரா? கேட்பார். கேட்கமாட்டார். இப்படியே நேற்று பகல் போயிற்று. சாயந்திரம் ஒரு பூந்தொட்டியை இழுத்துக்கொண்டுபோய் விளிம்புக்கு முன்னால் வைத்தார். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி வீட்டில் போய்த் தூங்கினார். காலையில் வரதராஜன் சத்தம் போட்டார். "யாருண்ணே இந்தத் தொட்டிய இங்க வச்சது? பாதையில ஒரு சாமானும் இருக்கக்கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு!" தொட்டி இப்போது வாசலில் சாய்தளத்துப் பக்கத்தில் அழகாக இருக்கிறது. அப்புறம் அந்தக் காகிதம். "மேனேஜர் சரிபார்த்ததுன்னு ஒரு கையெழுத்து வேணுமாம். எல்லாத்தையும் ஒருக்கா நடந்து பாத்துட்டுப் போட்ருங்க. கண்ணால பாத்துப் போடுங்கண்ணே, என்ன?" கண்ணால பாத்து. அந்த வார்த்தையை அழுத்திச் சொன்னாரோ? அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. சோணைமுத்து நடைவழிப் பக்கம் நாலு எட்டு போய், நின்று, திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்த விரலைப் பார்த்தார், காசளவு வட்டத்துக்குள் அந்த விரல் மட்டும் தெரிந்தது, யாருடைய விரலோ மாதிரி. யார் வரப்போகிறார்கள்? ஒருத்தரும் வரமாட்டார்கள். அதிகாரி வருவார், வாசலில் நின்று போட்டோ எடுப்பார், போவார். லைசென்ஸ் வந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து அந்த ஐந்து கல்லையும், தண்ணீர் கசிகிறது அது இது என்று ஏதாவது சொல்லி, பேர்த்துவிடலாம்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஒரு தடவை சாத்தியிருந்தால் அதிகாரி மட்டும்; இரண்டு தடவை என்றால் கூட ஆள். சாய்தளத்தில் ஷூ சத்தம் ஏறியது, அதற்குப் பின்னால், டக் டக் டக், தரையை ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு வருகிற ஒரு சத்தம். கண் தெரியாதவர் கம்பு. "வாங்க சார், வாங்க" என்று வரதராஜன் ஓடினார். "இவரு ஞானதுரை. ஸ்கூல் வாத்தியார். பார்வையற்றோர் சங்கத்துலருந்து ஒருத்தர் கூட வந்து பாக்கணும்னு புதுசா போட்டிருக்காங்க" என்றார் அதிகாரி, அலுத்துக்கொண்டு. "ரொம்ப சந்தோசம் சார். மொதல்ல காப்பி சாப்புட்டு, அப்பறமாப் பாப்போம்" என்றார் வரதராஜன். "நீங்க ரெண்டு பேரும் சாப்புடுங்க சார், நான் ஒரு சுத்து நடந்து பாத்துட்டு வந்துர்றேன்" என்றது இளவயசுக் குரல் ஒன்று. "யாரும் கையப் பிடிக்க வேணாம். கல்லுதான் போட்டிருக்கீங்களே, அது கூட்டிட்டுப் போகும்ல." எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் வரதராஜனும் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கம்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றது. "வணக்கம். மேனேஜர்ங்களா?" "ஆமா சார்." "ஏழாம் நம்பர்தான எங்காளுகளுக்கு?" "ஆமா சார். நேரா போகணும்." நேரா போகணும் என்று சொன்னது தன் வாய்தான். ஞானதுரை போகாமல் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். "செருப்புப் போடலியாண்ணே நீங்க?" என்று கேட்டார். சோணைமுத்து வணக்கத்துக்கு எழுந்து உட்கார்ந்தபோது வெறுங்கால் தரையில் பட்ட சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "எனக்குக் கோயில் மாதிரி சார்" என்றார் சோணைமுத்து. "ஓ" என்றார் ஞானதுரை. கம்பு நடைவழிக்குள் திரும்பியது.

டக், டக். ஒன்று, இரண்டு. சோணைமுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார், எண்ண வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அந்த ஆளுடைய எட்டு நீளமா, குட்டையா? ஆறு, ஏழு. இப்போது ஒரு வார்த்தை போதும். சார், கொஞ்சம் இருங்க. கூடப் போய் ஏழாம் நம்பரில் விட்டுவிட்டு வந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? கையைப் பிடிக்க வேண்டாம் என்றாரே. பத்து, பதினொன்று. ஏழாம் நம்பர் வந்ததும் தகட்டைத் தடவி நின்றுவிடுவார். நிற்கமாட்டார், கல் நிற்கச் சொல்லவில்லையே. நேற்று நான் நின்றேனா? மூன்று, என்று பெண்சாதிக்குச் சொல்லிக்கொண்டு இறங்கினானே, அவனுக்கு அந்த வேலை கிடைத்திருக்குமா? பதினாலு. ரூல்ஸ் என்று சொன்னாயே, பாவி. மகள் வெள்ளை யூனிபாரத்தில் வந்து நின்றாள், இன்னும் இரண்டு வருஷம்தானப்பா என்றாள். பதினேழு. வட்டத்துக்குள் காகிதம் தெரிந்தது, சரிபார்த்தேன், கீழே சோணைமுத்து என்று கோணலாக. ஒன்பது கல்படி. படி விளிம்பு கூர். தலையில் அடிபட்டால், முதுகில் அடிபட்டால். வாத்தியார் என்றாரே, காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எத்தனையோ. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. கம்புச் சத்தம் தூரமாகிவிட்டது. இருபத்தைந்தா, இருபத்தாறா? விட்டுவிட்டதே, நம்பர் விட்டுவிட்டதே. எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "சார், நில்லுங்க! நில்லுங்க சார்!" என்று ஒரு சத்தம் வந்தது, அது தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பது நடைவழிக்குள் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வாசல் வெளிச்சத்திலிருந்து நடைவழிக்குள் நுழைந்ததும் காசளவு வட்டமும் அணைந்துபோனது. இருபத்தாறு வருஷத்தில் அவர் இங்கே ஓடினதில்லை. ஓடுகிற எட்டுக்குக் கணக்குக் கிடையாது. பாதத்துக்குக் கீழே கோடு, கோடு, கோடு, நட, ஓடு, நான் இருக்கிறேன், ஓடு. பக்கத்தில், வலதுகைப் பக்கம் எங்கோ, "நான் நின்னுட்டேண்ணே! இங்க பள்ளம், வராதீங்க!" என்று ஞானதுரையின் குரல் கேட்டது. கம்பு அவருக்கு முன்னாலேயே விளிம்பைத் தொட்டு, பள்ளம் என்று சொல்லிவிட்டது. சோணைமுத்துவிடம் கம்பு இல்லை. காலைக் காற்றில் வைத்தார்.

முதலில் சோப்புத் தண்ணீர் வாடை. அப்புறம் ஈரம். இடது இடுப்புக்குக் கீழே ஒரு இடத்தில் கால் தன்னுடையது இல்லாத மாதிரி திரும்பிக் கிடந்தது. வலி இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. மேலே ஓடிவருகிற செருப்புகள், ஷூ. பேச்சியம்மா முதலில் வந்துவிட்டாள். படியில் விழுந்தடித்து இறங்கி அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஓரமா ஓரமா வாளிய வச்சு வச்சுப் பாத்துக்கிட்டேனே, இந்தக் குழிய மறைக்கணும்னு தோணலையே எனக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. "என்னாச்சு, என்னாச்சு?" என்றார் அதிகாரி மேலேயிருந்து. "சுகர் சார் அவருக்கு, அப்பப்ப மயக்கம் வரும்" என்றார் வரதராஜன். சோணைமுத்துவுக்குச் சுகர் கிடையாது. "கல்லு தப்பாப் போட்டிருக்கு சார். நடன்னு சொல்லிக் குழியில கொண்டுவந்து விடுது" என்றார் ஞானதுரை. "நீங்க நின்னுட்டீங்கள்ல சார்? கம்பு வச்சிருக்கவங்களுக்கு ஆபத்தில்லன்னுதான ஆகுது" என்றார் அதிகாரி. "சுகர்தானண்ணே? மயக்கந்தான? சொல்லுங்க" என்றார் வரதராஜன், குரலைத் தாழ்த்தி, அன்பாக. ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் வேலை இருக்கும், இடுப்பு கூடியதும் அதே மேசை, அதே நாற்காலி, அதே பன்னிரண்டு எட்டு. இந்த ஐந்து கல்லும் இருக்கும். வாய் உலர்ந்திருந்தது. காலையிலேயே தண்ணீர் குடித்திருக்கலாம்.

"மயக்கமில்ல" என்றார் சோணைமுத்து. "எனக்குக் கண்ணு தெரியாது. அந்தக் கல்லு மேல நடந்துதான் விழுந்தேன். நேத்தும் விழப் பாத்தேன்."

மேலேயிருந்து வரதராஜன்தான் பேசினார், அன்பெல்லாம் போய்விட்ட குரலில். "கண்ணு தெரியாதா? அப்ப சரிபாத்தேன்னு கையெழுத்துப் போட்டது? சார், நீங்களே பாத்துக்கங்க. கண்ணு தெரியாதத எங்கிட்ட மறைச்சிருக்காரு. நான் இவரு பாத்துச் சொல்றாருன்னு நம்பி விட்டுட்டேன். இதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" அதிகாரி மூச்சு விட்டார், ஒரு சங்கடம் தீர்ந்த மாதிரி. "அப்ப மேனேஜர் கவனக்குறைவுன்னு எழுதிருவோம்" என்றார். காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இந்த எடத்துல ஒரு பலகையப் போட்டு மூடிருங்க, போட்டோ எடுத்துக்கறேன்." உண்மையைச் சொன்னால் கல்லைப் பெயர்ப்பார்கள் என்று சோணைமுத்து நினைத்தார். அவரைத்தான் பெயர்த்தார்கள். வலி வந்துவிட்டது, இடுப்பிலிருந்து கிளம்பி முதுகெல்லாம் பரவியது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

டக். கம்பு முதல் படியைத் தொட்டது. பிறகு இரண்டாவது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கை கொடுக்கவில்லை, ஞானதுரை தானாக இறங்கி வந்துகொண்டிருந்தார். சோணைமுத்து கூடவே எண்ணினார், நாலு, ஐந்து, வலியோடு எண்ணினார், எட்டு, ஒன்பது. ஈரத்தரையில் அவர் பக்கத்தில் வந்து குந்தி, தேடி, அவர் தோளைக் கண்டுபிடித்துக் கையை வைத்தார் ஞானதுரை. "ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேண்ணே. ஆடாம இருங்க" என்றார். பிறகு மெதுவாக, "எத்தன வருசமா?" என்று கேட்டார்.

"ஏழு."

"ஏழு வருசமா, இத்தன பெரிய கட்டடத்துல. கூட ஆள் யாரும் இல்லையா?"

மேலே பலகையை இழுத்து வருகிற சத்தம் கேட்டது. அந்தக் கேள்வியை இந்த லாட்ஜில் கேட்கிற ஆள் இதுவரை சோணைமுத்து ஒருவர்தான்.

"இல்ல சார்" என்றார். "நான் யாருட்டயும் சொல்லல."